அடிக்கடி பிரளும் கணுக்கால்: வீட்டிலேயே செய்யக்கூடிய வலுவூட்டும் பயிற்சிகள்

என் வலது கணுக்கால் முதன்முதலில் மடங்கியது ஒரு வாலிபால் ஆட்டத்தில். வலையருகே எழும்பி அடித்துவிட்டு இறங்கும்போது எதிரணிக்காரரின் பாதத்தின்மேல் என் பாதம் விழுந்தது. விளையாடுகிறவனுக்கு அது நியாயமான காயம்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கால் மறுபடி மடங்கியபோது நான் ஆடுகளத்திலேயே இல்லை. காய்கறிக் கடை வாசலில், கையில் வெங்காயப் பையோடு, யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினேன், அவ்வளவுதான். தரை சமமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை என்ற கணக்கையே விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு முறையும் ஒரே வைத்தியம்தான். ஐஸ் வைப்பது, கிரேப் பேண்டேஜ் சுற்றுவது, பத்து நாள் நொண்டுவது, வலி போனதும் மறந்துவிடுவது. வலி போவதும் கால் சரியாவதும் வேறு வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் என்னை ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இடது காலில் அரை நிமிடம் அசையாமல் நின்றேன். வலது காலில் எட்டு நொடிகூடத் தாங்கவில்லை. இத்தனைக்கும் அன்று எனக்கு வலி துளியும் இல்லை.

இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுக்கு நான்கைந்து பேராவது 'சார், கால் அடிக்கடி பிரண்டுபோகிறது' என்று வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இந்தப் பயிற்சிகளைச் செய்து மீண்டவன், பிறரைச் செய்யவைத்துப் பார்த்தவன்.

மடங்கும்போது உள்ளே நடப்பது

கணுக்காலின் வெளிப்பக்கம், துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைப் பாதத்தோடு கட்டிவைக்க மூன்று தசைநார்கள் உண்டு. லிகமென்ட் கிழிந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்வது இவற்றைத்தான். மூன்றில் முன்பக்கம் இருப்பதுதான் மெலிந்தது. விரல்கள் கீழ்நோக்கி இருக்கும் நிலையில் பாதம் உட்புறமாக மடங்கினால் முதலில் இழுபடுவதும் கிழிவதும் அதுதான். எழும்பி இறங்கும்போதும் படியின் கடைசிக் கட்டைத் தவறவிடும்போதும் பாதம் அதே நிலையில்தான் இருக்கும். உட்பக்கத் தசைநார் அகலமானது, கெட்டியானது. அதனால்தான் கால் வெளிப்புறமாகப் பிரள்வது அரிது.

கிழிந்த தசைநார் சற்றுத் தளர்ந்தே ஆறுகிறது. சிக்கல் அதோடு முடிவதில்லை. தசைநார் வெறும் கயிறு அல்ல, அதனுள்ளே நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவற்றில் அவையும் சேர்த்தி. 1965-இல் இங்கிலாந்தின் எலும்பு மருத்துவர் ஃப்ரீமன் இதைத்தான் சுட்டிக்காட்டினார். சுளுக்கிய கால் திரும்பத் திரும்ப நழுவுவதற்குத் தளர்வு மட்டும் காரணமல்ல, மூட்டிலிருந்து போகும் செய்தி குறைந்துபோவதும் காரணம் என்றார். ஆடும் பலகைமேல் நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தால் அந்த நழுவல் குறைகிறது என்றும் காட்டினார். இன்று எந்த பிசியோதெரபி அறைக்குப் போனாலும் மூலையில் ஒரு ஆடும் பலகை கிடப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கால் மடங்கத் தொடங்கியதிலிருந்து காயம் படும்வரை ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதை உணர்ந்து வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிக்கவும் கிட்டத்தட்ட அதே நேரம் பிடிக்கிறது. ஆகவே கால் பிரளும்போது தசை ஓடிவந்து காப்பாற்றும் என்று நம்புவதில் பயனில்லை. தரையைத் தொடுவதற்கு முன்பே பாதம் சரியான கோணத்தில் இருக்க வேண்டும், தசை முறுக்கேறி இருக்க வேண்டும். தசைக்கு வலுவேற்றுவது பாதி வேலை. காலுக்கு மறுபடி அறிவு புகட்டுவது மீதிப் பாதி. பெரும்பாலோர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் ஓராண்டை வீணாக்கினேன்.

யார் உடனே தொடங்கக் கூடாது

நேற்றோ முந்தாநாளோ கால் மடங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு முதலில் எலும்பைப் பாருங்கள். 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகரத்து அவசர சிகிச்சை மருத்துவர்கள் இதற்கென ஒரு விதியை வகுத்தார்கள். உலகம் முழுக்க அது பயன்படுகிறது. கணுக்காலின் இருபக்க எலும்புகளில் எதிலாவது நுனியிலோ பின்விளிம்பின் கீழ் 6 செ.மீ. பகுதியிலோ விரல் வைத்து அழுத்தினால் வலிக்கிறதா? சுண்டுவிரலிலிருந்து பின்னோக்கித் தடவிக்கொண்டே வந்தால் பாதத்தின் நடுவிளிம்பில் தட்டுப்படும் எலும்பு முடிச்சில் வலிக்கிறதா? உட்பக்கம், பாத வளைவின் மேலே துருத்தும் எலும்பில் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் இப்போதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சுளுக்கு வழிப்பவரிடம் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. எலும்பு முறியவில்லை என்று தெரியாமல் காலை இழுத்துத் திருப்பக் கொடுப்பது ஆபத்து, இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பழைய காயம் என்றாலும் சில அறிகுறிகள் இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்: மூட்டு சிக்கிக்கொண்டு அசையாமல் நிற்பது, மூட்டின் ஆழத்தில் விடாத வலி, வாரக்கணக்கில் வடியாத வீக்கம், வெளிக் கணுக்காலின் பின்னால் நரம்பு போல ஏதோ ஒன்று 'டக்'கென்று தாண்டிக் குதிப்பது, பாதம் மரத்துப்போவது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் வெறுங்காலில் செய்வதும் கண்ணை மூடி நிற்பதும் உங்களுக்கு உகந்தவை அல்ல.

மற்றபடி, முதல் சுளுக்கு நேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகியும் கால் அவ்வப்போது நழுவுகிறது, மேடுபள்ளமான தரையில் நம்பி நடக்க முடியவில்லை என்றால் இது உங்களுக்கானது. இதற்கு மருத்துவத்தில் நாள்பட்ட கணுக்கால் நிலையின்மை என்று பெயர்.

முதல் நாள் மூன்று அளவுகள்

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன ஒருவர்கூட நினைவில் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

முதல் அளவு, சுவரும் முழங்காலும். சுவரைப் பார்த்து நின்று, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, குதிகால் தரையிலிருந்து எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி மறுபடி தொடுங்கள். குதிகால் எழாமல் தொட முடிகிற கடைசி இடத்தில், பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடைவெளி எத்தனை செ.மீ. என்று அளந்து எழுதுங்கள். இரு காலுக்கும் இடையே 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கணுக்கால் இறுகியிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது, சுவரில் விரல்நுனியை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது. முழு உயரத்துக்கு எத்தனை முறை வருகிறது? காலில் நல்ல வலு உள்ள இளைஞர் 25 வரை போவார். வயது ஏற ஏற இது குறைவது இயல்பு. உங்கள் நல்ல காலோடு ஒப்பிட்டால் போதும்.

மூன்றாவது, ஒற்றைக்காலில் நிற்பது. கைகளை இடுப்பில் வைத்து, முதலில் கண் திறந்து, பிறகு கண் மூடி. கண்ணை மூடினால் நல்ல கால் உள்ளவர்களே 10, 15 நொடியில் தடுமாறுவார்கள், பயப்பட வேண்டாம். கையெட்டும் தூரத்தில் சுவரோ கட்டிலோ இருக்கட்டும்.

இறுகிய கணுக்காலை இளக்குதல்

நிலையில்லாத கால் என்றால் தளர்வான கால் என்றுதான் எல்லோரும் நினைப்போம். பக்கவாட்டில் தளர்ந்த அதே கால் முன்பின்னாக இறுகிக் கிடப்பதைப் பலரிடம் பார்க்கலாம். முழங்கால் முன்னால் போக வழியில்லாவிட்டால் உடல் எடை விரல்பக்கம் போகிறது, குதிகால் சீக்கிரம் எழுகிறது, பாதம் மடங்கத் தோதான நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே வலுவேற்றுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும்.

அளப்பதற்குச் செய்ததையே பயிற்சியாகச் செய்யுங்கள். முழங்காலைச் சுவரை நோக்கித் தள்ளி, 2 நொடி நிறுத்தி, திரும்புங்கள். 15 முறை, இரண்டு சுற்று. முழங்கால் உட்பக்கம் சாயாமல் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். பிறகு பின்காலை நீட்டி, சுவரைத் தள்ளுவது போல நின்று, கெண்டைக்கால் சதையை 30 நொடி இழுத்துப் பிடியுங்கள், மூன்று முறை. முழங்காலை லேசாக மடித்தும் ஒரு முறை செய்யுங்கள், அப்போதுதான் உள்ளடுக்குத் தசையும் இழுபடும். இரு காலுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் இந்தப் பகுதியை நீங்கள் தாண்டிப் போகலாம்.

சைக்கிள் டியூப்பும் கட்டில் காலும்

விளையாட்டுச் சாமான் கடையில் பல வண்ணங்களில் எலாஸ்டிக் பட்டைகள் கிடைக்கும். வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூப் போதும். நான் தொடங்கியது அதில்தான். வால்வு இருக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள், தோலைக் கீறிவிடும். இழுக்கும் முன் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

முக்கியமான பயிற்சி வெளிப்புறமாகத் தள்ளுவது. முழங்காலுக்குக் கீழே, காலின் வெளிப்பக்கமாக இறங்கும் இரண்டு தசைகள் கணுக்கால் எலும்பின் பின்புறமாகச் சுற்றிப் பாதத்துக்கு வருகின்றன. ஒன்று சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முடிச்சில் போய் ஒட்டுகிறது. மற்றொன்று உள்ளங்காலைக் குறுக்கே கடந்து பெருவிரல் பக்கத்து எலும்பு வரை போகிறது. பாதம் உட்புறம் மடங்காமல் எதிர்த்து இழுப்பவை இவைதான்.

தரையில் கால் நீட்டி உட்காருங்கள். டியூப்பின் ஒரு முனையை உங்கள் மறுகாலின் பக்கமாக இருக்கும் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைப் பயிற்சி செய்யும் பாதத்தின் முன்பகுதியில் மாட்டுங்கள். சுண்டுவிரலை வெளியே நகர்த்துவது போலப் பாதத்தைத் தள்ளுங்கள். தள்ள ஒரு நொடி, அங்கே ஒரு நொடி, திரும்பிவர 4 நொடி. திரும்பி வருவதில்தான் பலன் அதிகம். கால் பிரளும்போது தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருக்கிறது, இதுவும் அதே வேலைதான். டியூப் சட்டென்று இழுத்துக்கொண்டு போக விட்டால் பாதிப் பயிற்சி வீண்.

எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பாதத்தை அசைப்பதற்குப் பதிலாகத் தொடையிலிருந்து முழுக்காலையும் வெளியே திருப்பிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பாதம் நகர்வது போலவே தெரியும். முழங்காலின்மேல் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லு மேலே பார்த்தபடியே இருக்க வேண்டும்.

12 முறை, மூன்று சுற்று. அது எளிதாகிவிட்டால் 15, பிறகு டியூப்பை இறுக்கிக் கட்டுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து, மூன்று சுற்றில் ஒன்றை விரல்களைக் கீழ்நோக்கி நீட்டியபடி செய்யுங்கள். கால் பிரள்வது அந்த நிலையில்தான், ஆகவே அந்த நிலையிலும் வலு வேண்டும். இதைச் சொல்லித்தர மறந்துவிடுகிறவர்கள் பலர்.

டியூப்பை இடம் மாற்றிக் கட்டி உட்புறமாக இழுப்பது, விரல்களை முகத்தை நோக்கி இழுப்பது இரண்டையும் இரண்டு சுற்றாவது செய்யுங்கள். ஒருபக்கம் மட்டும் இழுத்தால் தேர் கோணலாகத்தான் போகும்.

குதிகால் தூக்குதல்

எளிய பயிற்சி என்பதால் எல்லோரும் அவசரமாக முடித்துவிடுவார்கள். மேலே எழும்போது உடல் எடை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். நிலையில்லாத கணுக்கால் உள்ளவர்களில் பலர் தம்மையறியாமல் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து எழுவார்கள். அது பிரள்வதற்கே பழக்கிக்கொள்வது போலாகும். பெருவிரலின் அடிப்பகுதியைத் தரையில் ஊன்றி எழ வேண்டும்.

இதைச் சரிசெய்ய ஒரு எளிய வழி: இரண்டு குதிகால்களுக்கும் இடையே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, அது விழாமல் லேசாக நெருக்கிக்கொண்டே எழுந்து இறங்குங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் குதிகால் நேராக எழப் பழகிவிடும். முதலில் இரண்டு காலில் 15 முறை, மூன்று சுற்று. பிறகு இரண்டு காலில் எழுந்து ஒற்றைக்காலில் இறங்குங்கள். அதுவும் பழகியபின் ஒற்றைக்காலிலேயே எழுந்து இறங்கலாம். கடைசியில் படிக்கட்டின் விளிம்பில், கைப்பிடியைத் தொட்டபடி, குதிகால் படிக்குக் கீழே இறங்கும்வரை செய்யலாம். நல்ல காலின் எண்ணிக்கையில் பத்தில் ஒன்பது பங்கை எட்டினால் தாண்டிக் குதிக்கும் பயிற்சிக்கு வரலாம்.

இடுப்பையும் விட்டுவிடாதீர்கள். ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு தொங்காமல் பிடித்துவைக்கும் பக்கவாட்டுத் தசை சோர்ந்திருந்தால் உடல் ஒருபக்கம் சாயும், அந்தச் சுமை கணுக்காலுக்கு வரும். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைச் சற்றுப் பின்னோக்கியபடி 15 முறை உயர்த்துங்கள், இரண்டு சுற்று. அது போதும்.

ஒற்றைக்காலில் நிற்பது

இனி அறிவு புகட்டும் பாதி. ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால், டியூப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்பேன்.

வெறுங்காலில் நில்லுங்கள். பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் என மூன்று புள்ளிகளிலும் எடை சமமாக விழட்டும். முக்காலி மூன்று காலில் நிற்பது போல. விரல்களால் தரையைக் கவ்வாதீர்கள், பாத வளைவை மட்டும் லேசாக உயர்த்துங்கள். முழங்காலைப் பூட்டாமல் இம்மியளவு மடித்துக்கொள்ளுங்கள். 30 நொடி, ஐந்து முறை.

பாதம் சிறிது சிறிதாக ஆடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தப் பார்க்காதீர்கள், அந்த ஆட்டம்தான் பயிற்சி. மூட்டு செய்தி அனுப்புகிறது, தசை பதில் சொல்கிறது, மறுபடி செய்தி போகிறது. அசையாமல் சிலை போல நிற்க முடிந்துவிட்டால் பயிற்சி எளிதாகிவிட்டது, அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்று அர்த்தம்.

கட்டங்கள் இப்படிப் போகும். சமதரையில் 30 நொடி தடுமாறாமல் நிற்க வந்ததும் தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். அடுத்து சுவரில் பந்தை எறிந்து பிடியுங்கள். காலைப் பற்றி நினைக்காமலே கால் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் பந்து. அதன்பின் கண்ணை மூடுங்கள். பிறகு நாலாக மடித்த போர்வையின் மேலோ கெட்டித் தலையணையின் மேலோ நில்லுங்கள். கடைசியாக அந்தத் தலையணையின் மேல் பந்து. ஆடும் பலகை கிடைத்தால் தலையணைக்குப் பிறகு அதில் ஏறலாம், கிடைக்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. மொசைக் தரையில் தலையணை வழுக்கும், கீழே யோகா பாயோ ரப்பர் மிதியடியோ போட்டுக்கொள்ளுங்கள்.

பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள் என்று சொல்வதுண்டு, நல்ல யோசனைதான், குளியலறைத் தரை காய்ந்திருந்தால். பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்கிறேன் என்று ஒரு மாணவனின் தாயார் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

நான்காவது வாரத்தில் இன்னொன்றைச் சேருங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் தலைகீழ் 'ஒய்' எழுத்து போல மூன்று கோடுகள் வரையுங்கள், ஒன்று நேர் முன்னால், இரண்டு பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக. நடுப்புள்ளியில் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலின் விரல்நுனியால் ஒவ்வொரு கோட்டிலும் எட்டுகிற தூரம்வரை தொட்டுத் திரும்புங்கள். தொடும் காலில் எடை போடக் கூடாது, நிற்கும் காலின் குதிகால் எழக் கூடாது. ஒவ்வொரு திசையிலும் 5 முறை. எட்டிய தூரத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவைத்தால் அடுத்த வாரம் நீங்களே உங்களோடு போட்டி போடலாம். மருத்துவர்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் கணுக்காலைச் சோதிக்கப் பயன்படுத்தும் முறையே இதுதான்.

பாண்டியும் நொண்டியும்

தாண்டி இறங்கும் பயிற்சிக்கு ஆங்கிலத்தில் என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள். நம் தெருவில் பெண் பிள்ளைகள் கட்டம் போட்டுச் சில்லு எறிந்து ஆடிய பாண்டி ஆட்டத்தில் எல்லாமே இருக்கிறது. ஒற்றைக்காலில் தாண்டுவது, கோட்டை மிதிக்காமல் இறங்குவது, சில்லை எடுக்கக் குனிந்து நிமிர்வது, அதே காலில் திரும்புவது. பிசியோதெரபிஸ்ட் எனக்குத் தரையில் டேப் ஒட்டிச் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்துவிட்டு என் அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஐந்தாவது வாரத்துக்கு முன் இதற்கு வராதீர்கள். கண் திறந்து 30 நொடி நிற்கவும், ஒற்றைக்காலில் குதிகால் தூக்கவும் வர வேண்டும். நடப்பதிலோ படி இறங்குவதிலோ வலி இருக்கக் கூடாது.

முதலில் இரண்டு காலில் சிறிய குதி. ஓசை வராமல் இறங்குங்கள். தொப்பென்று சத்தம் கேட்டால் முழங்காலும் இடுப்பும் மடியவில்லை என்று பொருள். பிறகு ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பக்கவாட்டில் தாவி, இறங்கிய இடத்தில் 3 நொடி அப்படியே நில்லுங்கள். தாவுவதைவிட அந்த 3 நொடி நிற்பதுதான் முக்கியம். அடுத்து ஒரே காலில் முன்னால் ஒரு சாண் தாண்டி நில்லுங்கள், பிறகு பக்கவாட்டில், பிறகு மூலைவாட்டில். ஒவ்வொரு திசைக்கும் 5 தாண்டல். தடுமாறாமல் வந்தால் தூரத்தைக் கூட்டுங்கள். அப்புறம் பாண்டிக் கட்டம் வரைந்து ஆடலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கோட்டை மிதித்ததைக் கண்டுபிடிப்பதில் எந்தப் பயிற்சியாளரையும்விடக் கறாரானவர்கள்.

விளையாடுகிறவர்கள் இதற்கும் மேலே போக வேண்டும். வாலிபால்காரர் எழும்பி இறங்குவதையும், கபடிக்காரர் பின்வாங்கித் திரும்புவதையும், பூப்பந்தாட்டக்காரர் மூலைக்கு எட்டித் தாவுவதையும் முதலில் பாதி வேகத்தில், களைப்பில்லாதபோது செய்து பழகுங்கள். பிறகு பயிற்சியின் கடைசியில், களைத்தபின் செய்து பாருங்கள்.

எத்தனை நாள், எவ்வளவு வலி

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணி நேரம். ஒற்றைக்காலில் நிற்பதை மட்டும் தினமும் செய்யலாம். ஆய்வுகளில் பயன்படும் சமநிலைப் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் நீள்பவை. அந்தக் காலத்துக்குள் மாற்றம் தெரியத் தொடங்கும். தசை வலுக்க 8 முதல் 12 வாரம் ஆகும். நல்ல காலுக்கும் சேர்த்தே செய்யுங்கள்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று நீங்களே மதிப்பெண் போடுங்கள். 3 வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடிதான் உண்மையான தீர்ப்பு: வீக்கமோ இறுக்கமோ கூடியிருந்தால் முந்தைய நாள் அதிகமாகச் செய்துவிட்டீர்கள், ஒரு கட்டம் பின்னால் வாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த மூன்று அளவுகளையும் மறுபடி எடுத்து நோட்டில் எழுதுங்கள்.

செருப்பும் பட்டையும்

உங்கள் பழைய செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். குதிகாலின் வெளிவிளிம்பு மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் ஒவ்வோர் அடியிலும் நீங்கள் பள்ளத்தில் கால் வைக்கிறீர்கள். அதை இன்றே தூக்கிப் போடுங்கள். பின்பட்டை இல்லாத ஹவாய்ச் செருப்போடு மழைக்காலத் தெருவில் நடப்பதும், இருட்டில் கால்வைக்கும் இடம் பாராமல் பஸ்ஸிலிருந்து குதிப்பதும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

கணுக்கால் பட்டை போட்டால் தசை சோம்பேறியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படிச் சொல்லித்தான் ஆட்டத்தில் இறக்கிவிட்டார்கள். முன்பே சுளுக்கிய காலுக்குக் கயிறு கட்டும் பட்டையோ டேப்போ மறு சுளுக்கைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. விளையாடும்போதும் கரடுமுரடான இடத்தில் நடக்கும்போதும் போடுங்கள். பயிற்சி செய்யும்போதும் வீட்டிலும் கழற்றிவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் வெறும் துணி உறை கதகதப்பாக இருக்கும், பக்கவாட்டில் பெரிதாகத் தாங்காது.

நடுவில் மறுபடி மடங்கினால்

மடங்கலாம். எனக்கு ஏழாவது வாரத்தில் மடங்கியது. ஒட்டாவா விதிப்படி எலும்பைச் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் சுமையைக் குறைத்து, காலைச் சுற்றி அழுத்தமாகக் கட்டி, உட்காரும்போது உயர்த்தி வையுங்கள். ஆனால் படுத்துவிடாதீர்கள். வலி விடுகிற அளவுக்கு நடங்கள், பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். வீக்கம் வடிந்ததும் ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்தை அளந்து, அந்த எண் எந்த வாரத்துக்கு உரியதோ அங்கிருந்து தொடருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான் பின்வாங்க நேரும்.

மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் கால் நழுவுவது நிற்கவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் போய் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். தளர்ந்த தசைநாரை இறுக்கித் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. ஸ்வீடனின் ப்ரோஸ்ட்ரோம் 1966-இல் விவரித்த முறையைச் சிறு மாற்றங்களோடு இன்றும் செய்கிறார்கள், நல்ல பலன் தருகிறது. அறுவை முடிந்து தையல் ஆறியபின் பிசியோதெரபிஸ்ட் உங்கள் கையில் கொடுக்கப்போவதும் இதே எலாஸ்டிக் பட்டையைத்தான்.